இதயத்துடிப்புக்கு 200 ஃபிரேம்: உயிரியல், மருத்துவ அனிமேஷன் செய்பவர்களுக்கு

ஒரு பாடத்துக்கு அனிமேஷன் வேண்டும் என்று யார் கேட்டாலும், அந்தப் பாடத்தில் எது எப்போது நடக்கிறது என்பது முக்கியமா என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது. தோள்பட்டை நரம்புப் பின்னல் எப்படிக் கிளை பிரிகிறது, மணிக்கட்டின் எட்டு எலும்புகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதற்கெல்லாம் நல்ல படம் போதும்; இல்லையென்றால் மாணவர் தானே திருப்பித் திருப்பிப் பார்க்க ஒரு முப்பரிமாண மாதிரி போதும். அசையாத ஒன்றை அசைத்துக் காட்டுவதால் பாடம் புரிவதில்லை, கண்தான் அலைபாயும். இதயச் சுழற்சி, நரம்பில் மின்தூண்டல் ஓடுவது, கருவில் குடல் சுழல்வது, ஆக்சிஜன் ஏறும்போது ஹீமோகுளோபின் உருமாறுவது ஆகியவை வேறு வகை. இங்கே வரிசையும் நேரமும்தான் பாடம். அனிமேஷனுக்கு உழைக்க வேண்டிய இடம் இதுதான்.

2007இல் ஹோஃப்லர், லாய்ட்னர் இருவரும் 26 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். நிலைப்படத்தைவிட அனிமேஷன் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல் பலன் தருகிறது என்று தெரிந்தது. விளைவின் அளவு (இரு குழுக்களுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் எண்) 0.37. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. பாடப்பொருளையே அசைவு காட்டும்போது பலன் இருந்தது, அழகுக்குச் சேர்த்த அசைவில் இல்லை. வகுப்பறை அனுபவமும் இதையேதான் சொல்கிறது.

இதற்குக் காரணம் இருக்கிறது. படத்தில் ஒரு அம்பு போட்டால் 'இந்தப் பக்கம் போகும்' என்று மட்டும் சொல்கிறோம். அதையே அசைத்துவிட்டால் எப்போது கிளம்பும், எவ்வளவு வேகம், எது எதைத் தள்ளுகிறது, எது சும்மா இருக்கிறது என்று பல விஷயங்களைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். அவற்றில் எதை யோசித்துச் சொன்னோம், எதை மென்பொருள் தானாக நிரப்பியது என்பது பார்க்கும் மாணவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் உண்மை என்றே எடுத்துக்கொள்வார். ஆகவே ஒவ்வொரு அசைவுக்கும் 'இது உண்மையா' என்று தனித்தனியே கேட்க வேண்டியிருக்கிறது. கீழே வருபவை எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை. கருவியாகப் பெரும்பாலும் பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளை வைத்தே பேசுகிறேன். இலவசம், எல்லோரும் இறக்கிக்கொள்ளலாம்.

இதயம்

நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு சுழற்சி 0.8 நொடி. நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் அது வெறும் 20 ஃபிரேம். அதற்குள் எதையும் காட்ட முடியாது. பத்து மடங்கு மெதுவாக்கினால் 8 நொடி, 200 ஃபிரேம். இந்தக் கணக்கில் ஒரு வசதி உண்டு: ஒரு ஃபிரேம் என்பது சரியாக 4 மில்லிநொடி. பாடநூலில் உள்ள எந்த நேரத்தையும் நான்கால் வகுத்தால் ஃபிரேம் எண் கிடைத்துவிடும். நொடிக்கு 24 அல்லது 30 என்று வைத்தால் இந்தச் சுலபம் போய்விடும்.

ஈ.சி.ஜி.யில் பி அலை (ஆரிக்கிள்களின் மின்தூண்டல்) தொடங்கும் இடத்தை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரிக்கிள்கள் சுருங்குவது 15 முதல் 40 வரை. க்யூ.ஆர்.எஸ். (வெண்ட்ரிக்கிள்களின் மின்தூண்டல்) 40இல் தொடங்கும், அப்போது பி.ஆர். இடைவெளி 160 மில்லிநொடி ஆகும், 120 முதல் 200 வரை என்ற இயல்பு வரம்புக்குள்தான் இருக்கிறது. மின்தூண்டல் முதலில், சுருக்கம் அதன் பிறகு என்பதால் மைட்ரல் வால்வு (இடது ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவே உள்ளது) மூடுவதை 50இல் வையுங்கள். அயோர்ட்டா வால்வு (இடது வெண்ட்ரிக்கிளிலிருந்து பெருந்தமனிக்குப் போகும் வழியில் உள்ளது) திறப்பது 62இல், மூடுவது 128இல். மைட்ரல் மறுபடி திறப்பது 146இல். அங்கிருந்து 175 வரை வெண்ட்ரிக்கிள் வேகமாக நிரம்பும், பிறகு 200 வரை மெல்ல நிரம்பும். முதல் இதய ஒலி 50இல், இரண்டாவது 128இல். ஒலியையும் சேர்க்கிறீர்கள் என்றால் அந்த ஒலிப்பதிவைப் பத்து மடங்கு இழுக்காதீர்கள், கேட்கவே முடியாது. சாதாரண 'லப்', 'டப்' ஒலியை அந்தந்த ஃபிரேமில் வைத்தாலே போதும்.

இந்தக் காலக்கோட்டில் மாணவர்கள் அதிகம் தடுமாறுவதும், அனிமேஷன்கள் அதிகம் தவறுவதும் ஒரே இடத்தில்தான்: 50க்கும் 62க்கும் நடுவே. அந்த 12 ஃபிரேமிலும் நான்கு வால்வுகளும் மூடியிருக்கின்றன. இடது வெண்ட்ரிக்கிளில் 120 மில்லி ரத்தம் அப்படியே இருக்கிறது. தசை இறுகுகிறது, அழுத்தம் ஏறுகிறது, கொள்ளளவு மட்டும் மாறுவதில்லை. உள்ளே அழுத்தம் 80 மி.மீ. பாதரசத்தைத் தாண்டிய பிறகுதான் அயோர்ட்டா வால்வு திறக்கும். ஆனால் 50இல் 'பெரிது' என்று ஒரு கீஃப்ரேம் (நிலையை நாமே குறித்து வைக்கும் ஃபிரேம்; நடுவில் உள்ளவற்றைக் கணினி நிரப்பும்), 128இல் 'சிறிது' என்று ஒரு கீஃப்ரேம் என இரண்டை மட்டும் வைத்தால், கணினி 50ஆவது ஃபிரேமிலிருந்தே சுருக்கத் தொடங்கிவிடும். எல்லாக் கதவும் மூடிய அறையில் ரத்தம் எங்கே போயிற்று? இதைப் பார்த்து வளர்ந்த மாணவருக்கு அழுத்தம், கொள்ளளவு இரண்டும் ஒன்றாகவே மாறும் என்ற எண்ணம் ஊன்றிவிடும். பிறகு அழுத்த-கொள்ளளவு வளையம் (இரண்டும் சேர்ந்து மாறுவதை ஒரே வரைபடத்தில் காட்டுவது) வரும்போது அந்தச் செங்குத்துக் கோடுகள் ஏன் என்று புரியவே புரியாது.

தீர்வு எளிது. 50இலும் 62இலும் ஒரே கொள்ளளவுக்குக் கீஃப்ரேம் போடுங்கள். அதேபோல 128இலும் 146இலும், வெளியேற்றியபின் மிஞ்சும் 50 மில்லி. வளைகோட்டின் கைப்பிடி வகை 'ஆட்டோ கிளாம்ப்ட்' ஆகவே இருக்கட்டும். 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினால் இரண்டு சமமான புள்ளிகளுக்கு நடுவே கோடு லேசாகப் புடைத்து, கொள்ளளவு 120ஐத் தாண்டிப் போய் வரும்.

வேலையின் வரிசையும் இதையொட்டித்தான் அமைய வேண்டும். முதலில் கொள்ளளவு வளைகோட்டை வரையுங்கள், அதன் பிறகு வடிவத்தைத் தொடுங்கள். விரிந்த வடிவம், சுருங்கிய வடிவம் என்று இரண்டு ஷேப் கீ (பிளெண்டரில் சேமித்து வைக்கும் வடிவம்; மதிப்பு 0இலிருந்து 1க்குப் போகும்போது ஒன்று மற்றதாக மாறும்). அவற்றின் மதிப்பை டிரைவர் (ஒரு மதிப்பை வேறொன்றின்படி தானாக மாற்றும் வசதி) மூலம் கொள்ளளவோடு இணைத்துவிடலாம். இங்கே ஒரு பொறி உண்டு. ஷேப் கீ மதிப்பு 0.5 என்றால் கொள்ளளவும் பாதி வழியில் இருக்கும் என்று தோன்றும். இருக்காது. நீளம் நேர்விகிதத்தில் மாறும்போது கொள்ளளவு மும்மடியாக மாறுகிறது. பிளெண்டரில் 3டி பிரிண்ட் டூல்பாக்ஸ் என்ற இணைப்பு கொள்ளளவை அளந்து தரும். வெண்ட்ரிக்கிளின் உட்பரப்பை மட்டும் தனியே எடுத்து, ஓட்டை இல்லாமல் மூடி, 0, 0.25, 0.5, 0.75, 1 ஆகிய ஐந்து மதிப்புகளிலும் அளந்து ஒரு சிறு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். டிரைவரின் வளைகோட்டை அந்த அட்டவணைப்படி வளைத்தால் போதும். பரப்பில் எங்காவது ஓட்டை இருந்தால் வரும் எண்ணை நம்ப முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து, நிரம்புவது. ஆரிக்கிள் சுருங்கித்தான் வெண்ட்ரிக்கிள் நிரம்புகிறது என்ற எண்ணத்தைப் பள்ளிப் படங்களே விதைத்துவிடுகின்றன. ஓய்வில் இருக்கும் இயல்பான இதயத்தில் நிரம்புவதில் முக்கால் பங்கு, அதற்குச் சற்று அதிகமும்கூட, ஆரிக்கிள் சுருங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. மேலே சொன்ன கணக்கில் 200ஆவது ஃபிரேமில் கொள்ளளவு ஏறக்குறைய 104 மில்லி இருக்க வேண்டும். ஆரிக்கிள் சேர்ப்பது மிச்சம் 16 மில்லியை. இதைச் சரியாகக் காட்டிவிட்டால், ஆரிக்கிள் நடுக்கம் (ஆரிக்கிள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவது) வந்தவர் ஏன் உடனே இறந்துவிடுவதில்லை, வெண்ட்ரிக்கிள் விறைத்துப்போன வயதானவருக்கு அதே நடுக்கம் ஏன் மூச்சுத்திணறலைக் கொண்டுவருகிறது என்ற இரண்டையும் அதே படத்தை வைத்து விளக்கலாம்.

இதயத்தின் வெளி அசைவுக்கு வருவோம். கடைகளில் விற்கும் பல இதய மாதிரிகள் மொத்தமாகச் சுருங்கி மொத்தமாக விரியும். அளவை 1இலிருந்து 0.9 ஆக்கித் திருப்பினால் அது கிடைத்துவிடும், ஐந்து நிமிட வேலை. உண்மை இதயம் அப்படித் துடிப்பதில்லை. நுனி ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவில் உள்ள வால்வுத் தளம்தான் நுனியை நோக்கி இறங்கும், இடது பக்கத்தில் சுமார் 12 முதல் 15 மி.மீ. வரை. இதயத்தின் வெளிக்கோடு சிறிதளவே மாறும். வால்வுத் தளம் இறங்கும்போது ஆரிக்கிள் நீள்கிறது, சிரைகளிலிருந்து ரத்தத்தை உள்ளிழுக்கிறது. அதாவது வெண்ட்ரிக்கிள் ரத்தத்தை வெளியேற்றும் அதே வேளையில் ஆரிக்கிள் நிரம்புகிறது. மொத்தமாகச் சுருங்கும் மாதிரியில் இந்தப் பாடம் முழுக்கக் காணாமல் போகும். எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட் பரிசோதனை) செய்யக் கற்பவர்கள் அளக்கும் அசைவும் இதுவேதான் என்பதால், மருத்துவ மாணவர்களுக்கு இதை விட்டுவிடக் கூடாது.

தசை நசுங்காத பொருள் என்பதைச் சரிபார்ப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். உள்ளறை சிறிதாகி வெளிக்கோடு அப்படியே இருந்தால் சுவர் தடித்தே ஆக வேண்டும். உங்கள் மாதிரியில் இடது வெண்ட்ரிக்கிள் சுவர் இரண்டு நிலைகளிலும் ஒரே தடிமனில் இருந்தால் எங்கோ தவறு. சுவரின் கன அளவை விரிந்த நிலையிலும் சுருங்கிய நிலையிலும் அளந்து பாருங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும்.

ஈரத்துணியைப் பிழிவது போன்ற ஒரு முறுக்கும் இதயத்துக்கு உண்டு. நுனிப்பக்கமிருந்து பார்த்தால் நுனி கடிகாரத்துக்கு எதிர்த்திசையிலும் அடிப்பகுதி கடிகாரத் திசையிலும் திரும்பும். இதை ஷேப் கீயில் சேர்க்காமல் தனி மாடிஃபையராக (வடிவத்தின் மேல் தனியே போடும் மாற்றம்) வைப்பது நல்லது. காரணத்தைக் குடல் பகுதியில் சொல்கிறேன்.

வால்வுகளைத் தசைகள் இழுத்து மூடுவதாகக் காட்டாதீர்கள். வால்வைத் திறப்பதும் மூடுவதும் இருபக்க அழுத்த வேறுபாடு. பாப்பில்லரித் தசையும் நாண்களும் செய்வதெல்லாம், மூடிய இதழ் ஆரிக்கிளுக்குள் புரண்டுவிடாமல் பிடித்து வைப்பது. நாண் இறுகி, அதனால் இதழ் மூடியது என்று ஒரே ஒரு ஃபிரேம் முன்பின்னாக வைத்தாலும் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். இதழ்கள் முதலில் சேர வேண்டும், அதன் பிறகே நாண்கள் விறைக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு ரத்த அணுவைப் பின்தொடர்ந்து வலது பக்கம், நுரையீரல், இடது பக்கம் என்று கேமரா போகும் காட்சி எல்லோருக்கும் பிடிக்கும். அதை மட்டும் பார்த்தவர்கள் வலது வெண்ட்ரிக்கிள் முதலில் சுருங்கும், இடது பிறகு சுருங்கும் என்றே தேர்வில் எழுதுகிறார்கள். பயணக் காட்சி வேண்டுமானால் வையுங்கள்; அதை முடித்தவுடன் இரண்டு வெண்ட்ரிக்கிள்களும் ஒரே நேரத்தில் வெளியேற்றும் முன்தோற்றத்தை, பேச்சே இல்லாமல், மூன்று சுழற்சிகள் ஓட விடுங்கள்.

ஈ.சி.ஜி., அழுத்தம், கொள்ளளவு வளைகோடுகள் இதயத்துக்குப் பக்கத்திலேயே, அதே சட்டகத்துக்குள், ஒரே நகரும் செங்குத்துக் கோட்டோடு இருக்கட்டும். அடுத்த ஸ்லைடில் வரைபடம் வந்தால் மாணவரால் இரண்டையும் இணைக்க முடிவதில்லை.

குடல் சுழல்வதும், மென்பொருள் குறுக்குவழி பிடிப்பதும்

கருவின் நடுக்குடல் ஆறாவது வாரத்தில் தொப்புள்கொடிக்குள் பிதுங்கி, பத்தாவது வாரவாக்கில் வயிற்றுக்குள் திரும்புகிறது. இதற்குள் குடலுக்கு ரத்தம் தரும் மேல் மெசென்டெரிக் தமனியை அச்சாகக் கொண்டு, முன்னாலிருந்து பார்க்க, கடிகார எதிர்த்திசையில் மொத்தம் 270 பாகை சுழல்கிறது. வெளியே 90, திரும்பும்போது 180. எழுத்தில் படித்து இதைப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. அனிமேஷனால் இவ்வளவு தெளிவு கிடைக்கும் பாடங்களும் குறைவு.

இங்கே ஷேப் கீ உதவாது. ஷேப் கீயில் ஒவ்வொரு புள்ளியும் தொடக்க இடத்திலிருந்து முடிவிடத்துக்கு நேர்கோட்டில் போகும், வட்டமடிக்காது. விளைவாகக் குடல் வளையம் நடுவழியில் தன்னையே ஊடுருவி நசுங்கிப் பிறகு விரியும். இதயத்தின் முறுக்கையும் ஷேப் கீயில் வைக்க வேண்டாம் என்றது இதனால்தான். அங்கே கோணம் சிறிது என்பதால் கண்ணுக்குப் படாது, கொள்ளளவுக் கணக்கு மட்டும் கெடும். குடலை ஒரு வளைகோடாக வரைந்து, அதன் புள்ளிகளை எலும்புச் சட்டத்திலோ (பொருளை அசைக்கப் பிளெண்டரில் உள்ள சட்டம், உடலின் எலும்பு அல்ல) தமனியின் இடத்தில் வைத்த ஒரு வெற்றுப் பொருளிலோ கொக்கி போட்டுச் சுழற்றுங்கள்.

அப்போதும் ஒன்று கவனிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் எலும்புகளின் சுழற்சி முறை இயல்பாகக் குவாட்டர்னியனில் (சுழற்சியை நான்கு எண்களால் எழுதும் முறை) இருக்கும். 0இல் ஒரு கீஃப்ரேம், 270இல் ஒரு கீஃப்ரேம் என்று வைத்தால் அது குறுகிய வழியைப் பிடித்து, எதிர்ப்பக்கமாக 90 பாகை திரும்பி அதே இடத்தில் வந்து நிற்கும். தொடக்கமும் முடிவும் சரி; நடுவில் காட்டியது கடிகாரத் திசையில் தலைகீழ்ச் சுழற்சி, அதாவது ஒரு பிறவிக் குறைபாடு. சுழற்சி முறையை ஆய்லருக்கு (ஒவ்வொரு அச்சுக்கும் கோணத்தை எழுதும் முறை) மாற்றுங்கள். 90, 180 ஆகிய இடங்களிலும் கீஃப்ரேம் வைத்துவிட்டால் இன்னும் பத்திரம். சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு குறி உண்டு: முடிவில் சிறுகுடலின் முதல் பகுதியான டியோடினம் தமனிக்குப் பின்னாலும் குறுக்குப் பெருங்குடல் அதற்கு முன்னாலும் இருக்க வேண்டும்.

இடம் வலம் எப்போதும் தொல்லைதான். 'நோயாளியின் வலது' என்ற சிறு குறிப்பு ஒரு மூலையில் முதல் ஃபிரேமிலிருந்து கடைசி வரை இருக்கட்டும். மாதிரியைத் திருப்ப எண்ணி ஒரே ஒரு அச்சில் அளவை −1 ஆக்கினால் அது திரும்பாது, கண்ணாடிப் பிம்பமாகிவிடும். இதயம் வலப்பக்கம் போய் உட்காரும். டி.என்.ஏ.வுக்கும் இதே ஆபத்து. நிற்கும் சுருளை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நமக்கு முன்னால் வரும் இழை இடக்கீழிலிருந்து வலமேலாக ஏற வேண்டும். மாறி ஏறினால் அது இடக்கைச் சுருள். அச்சான விளம்பரங்களில்கூட இந்தத் தவறு அடிக்கடி கண்ணில் படும்.

மூலக்கூறுகள்

புரதங்களைக் கையால் வரைய வேண்டியதில்லை. 1971இல் ஏழு அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இப்போது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைமீரா எக்ஸ் மென்பொருளில் திறந்து பார்க்கலாம். மாலிக்யூலர் நோட்ஸ் என்ற இணைப்பைப் போட்டுக்கொண்டால் நேராகப் பிளெண்டருக்குள்ளேயே இறக்கலாம்.

ஹீமோகுளோபினை எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜன் இல்லாத வடிவத்துக்கு 2எச்எச்பி, ஆக்சிஜன் ஏறியதற்கு 1எச்எச்ஓ என்ற பதிவுகள் பழக்கமானவை. முதலாவதைத் திறந்தால் நான்கு சங்கிலிகளும் இருக்கும். இரண்டாவதைத் திறந்தால் இரண்டுதான் இருக்கும்! கோப்பு கெட்டுவிடவில்லை. படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறிய அலகை மட்டுமே கோப்பில் எழுதுவார்கள். இந்தப் படிகத்தில் அது பாதி மூலக்கூறு. 'உயிரியல் தொகுப்பு' என்ற தெரிவைப் பயன்படுத்தி மறுபாதியை உருவாக்க வேண்டும். உருவாக்கிய பிறகு சங்கிலிப் பெயர்கள் இரட்டிப்பாகிவிடும். அவற்றை 2எச்எச்பியில் உள்ளபடி ஏ, பி, சி, டி என்று பெயர் மாற்றினால்தான் ஒரு வடிவத்திலிருந்து மற்றதற்கு உருமாற்றம் சரியாக ஓடும். இல்லையென்றால் சங்கிலிகள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகும். எல்லாம் சரியாக அமைந்தால் ஓர் ஆல்பா-பீட்டா இணை மற்றதை ஒட்டிச் சுமார் 15 பாகை திரும்புவது தெரியும். கண்ணுக்குச் சிறிய அசைவுதான், ஆகவே கேமராவை அசைக்காதீர்கள். கேமராவும் சுற்றினால் மாணவர் பார்ப்பது கேமராவின் சுழற்சியை மட்டுமே.

இந்த உருமாற்றம் கணினி இட்டு நிரப்பிய பாதை, மூலக்கூறு உண்மையில் போகும் பாதை அல்ல என்று குரலிலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

மூலக்கூறு அனிமேஷனில் பெரிய தவறான கருத்து, அவை எங்கே போக வேண்டும் என்று தெரிந்து போவதாகத் தோன்றுவதுதான். குளுக்கோஸ் நேராக வந்து நொதியின் பிளவில் பொருந்தும், ஆர்.என்.ஏ. வரிசையில் நின்று உள்ளே போகும். உண்மையில் வெப்ப அசைவில் எல்லாம் எல்லாவற்றோடும் மோதிக்கொண்டே இருக்கின்றன; மோதல்களில் மிகச் சிலவே பொருந்துகின்றன. 2006இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக எக்ஸ்விவோ நிறுவனம் செய்த உயிரணு அனிமேஷன் உலகம் முழுக்கப் பரவியது. அதில் கைனசின் புரதம் நுண்குழலின் மேல் நடக்கும் காட்சியைப் பார்த்தவர் மறக்க மாட்டார். அதன் மேல் வந்த விமர்சனமும் இதுவேதான்: உயிரணு அவ்வளவு காலியாகவும் ஒழுங்காகவும் இருக்காது. கைனசின் ஓர் ஏ.டி.பி.க்கு 8 நானோமீட்டர் நகரும், வேகமாகப் போகும்போது நொடிக்கு நூறு காலடி வரை வைக்கும். நொடிக்கு ஒரு காலடி என்று காட்டினால் நூறு மடங்கு மெதுவாக்கியிருக்கிறோம். அந்த வேகத்தில்கூடச் சுற்றியுள்ள சிறு மூலக்கூறுகளின் துள்ளல் வெறும் மங்கலாகத்தான் தெரியும். இரண்டையும் ஒரே காலஅளவில் நேர்மையாகக் காட்ட வழியில்லை. என்ன விட்டுவிட்டோம் என்பதைச் சொல்வதுதான் வழி.

செய்யக்கூடியவை சில உண்டு. காட்சியின் தொடக்கத்தில் மூன்று நொடி முழுக் கூட்ட நெரிசலையும் காட்டி, பிறகு மற்றவற்றை மெல்ல மறைத்து நமக்கு வேண்டியவற்றை மட்டும் விட்டுவைக்கலாம். பொருந்தும் மூலக்கூறு வருமுன் நாலைந்து முறை வேறு கோணத்தில் மோதி விலகட்டும். ஒவ்வொன்றுக்கும் எஃப் வளைகோட்டில் (நேரத்தோடு மதிப்பு மாறுவதைக் காட்டும் கோடு) 'நாய்ஸ்' மாடிஃபையர் சேர்த்தால் நடுக்கம் கிடைக்கும். சிறியவை அதிகமாகவும் பெரியவை குறைவாகவும் நடுங்க வேண்டும். 'ஃபேஸ்' எண்ணை எல்லாவற்றுக்கும் வேறு வேறாகக் கொடுங்கள். அப்படியே விட்டால் எல்லா மூலக்கூறுகளும் ஒரே தாளத்தில் நடுங்கும். ஒரே மூலக்கூறின் மூன்று அச்சுகளுக்கும் ஒரே எண் இருந்தால் அது நடுங்காது, ஒரு சாய்கோட்டில் முன்னும் பின்னும் போய்வரும்.

அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ரத்தச் சிவப்பணு 7 முதல் 8 மைக்ரோமீட்டர் விட்டம். ஹீமோகுளோபின் 5 முதல் 6 நானோமீட்டர். ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். இரண்டையும் ஒரே காட்சியில் வைத்துக் கேமராவை நெருக்கிக்கொண்டே போனால் கேமராவின் வெட்டு எல்லைகள் (இவற்றுக்கு இடையே உள்ளதை மட்டுமே கேமரா காட்டும்) குறுக்கிடும், பரப்புகள் மின்னி நடுங்கும். ஒவ்வொரு அளவுக்கும் தனிக் காட்சி வைத்து, இடையே தெளிவாக வெட்டி, இரண்டிலும் அளவுகோல் போடுங்கள். மூலக்கூறுக் காட்சியில் 1 நானோமீட்டரை 0.1 அலகு என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது.

குரலும் தமிழ் எழுத்தும்

குரலை முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்கேற்ப அசைவை அமையுங்கள். அசைவை முடித்த பிறகு குரல் சேர்த்தால் வேகவேகமாகப் படிக்க வேண்டி வரும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கில உரையைப் பார்த்துக் கணக்கிட்ட நேரத்தில் தமிழ் அடங்காது. நிமிடத்துக்கு 80 சொற்களுக்கு மேல் எழுதாமல் இருந்தால் பார்க்கவும் மூச்சுவிடவும் இடம் இருக்கும். ஒரு துண்டு 60 முதல் 90 நொடி, ஒரே ஒரு கேள்வி. முக்கியமான அசைவு நடக்கும் இரண்டு மூன்று நொடிகளில் குரல் நின்றுவிட வேண்டும்.

பேசுவதையே திரையில் முழு வாக்கியமாக ஓட விடாதீர்கள். கண் எழுத்துக்குப் போய்விடும், அசைவைத் தவறவிடும். சொல் காதில் விழும் கணத்தில் அந்த ஒரு சொல் மட்டும், அந்த உறுப்பின் பக்கத்திலேயே தோன்றட்டும். பள்ளிக்கு என்றால் பாடநூலில் உள்ள ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள் என்ற சொற்களையே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்வழியில் படித்து மருத்துவக் கல்லூரிக்கு வந்த முதலாமாண்டு மாணவர்களுக்கு என்றால், முதல் முறை தமிழ்ச் சொல்லும் கல்லூரியில் புழங்கும் சொல்லும் சேர்ந்து வரட்டும், அடுத்த முறையிலிருந்து கல்லூரிச் சொல் மட்டும் போதும். காட்சிக்குக் காட்சி சொல்லை மாற்றினால் அவர்கள் அதை இரண்டு வேறு உறுப்புகள் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பிளெண்டரின் எழுத்துப் பொருளில் தமிழ் அப்படியே விழாது. கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி உட்காரும். இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் எழுதி, எழுத்தைப் பாதையாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாக உள்ளே கொண்டுவருவது நம்பகமான வழி. பெயர்கள் அசையத் தேவையில்லை என்றால் வீடியோ தொகுப்பில் கடைசியாகச் சேர்த்துவிடலாம். எழுத்தின் உயரம் திரை உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்குக் குறைந்தால் கடைசி வரிசைக்குத் தெரியாது. வகுப்பறை புரொஜெக்டரில் கருநீலப் பின்னணி சாம்பலாகிவிடும். வெளிர்ப் பின்னணியே மேல்.

ரெண்டர்

ரெண்டர் செய்யும்போது, அதாவது காட்சியைக் கணினி இறுதிப் படங்களாக ஆக்கும்போது, நேராக வீடியோவாக எடுக்காதீர்கள், பி.என்.ஜி. படங்களாக எடுங்கள். மின்சாரம் போனால் வீடியோ கோப்பு மொத்தமாகக் கெடும். படங்கள் என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 'ஓவர்ரைட்' குறியை எடுத்துவிட்டு 'பிளேஸ்ஹோல்டர்ஸ்' குறியைப் போட்டால் மிச்சம் உள்ள ஃபிரேம்களை மட்டும் எடுக்கும். பாதியில் நின்றபோது எழுதிய வெற்றுப் படம் ஒன்று கிடக்கும். கோப்பு அளவை வைத்துக் கண்டுபிடித்து அழித்துவிட்டுத் தொடருங்கள். ஃபிரேமுக்கு 30 நொடி என்றால் 200 ஃபிரேம் 100 நிமிடம். 90 நொடித் துண்டு 2,250 ஃபிரேம், கிட்டத்தட்ட 19 மணி நேரம். பெரும்பாலான பாடங்களுக்குப் பிளெண்டரின் வேகமான ரெண்டர் முறையான ஈவீயே போதும். மெதுவான, துல்லியமான சைக்கிள்ஸ் தேவை என்றால் 128 சாம்பிள்களோடு டீநாய்ஸ் (புள்ளிப்புள்ளியான இரைச்சலை நீக்குவது) வையுங்கள். இறுதி ரெண்டருக்கு முன் பாதி அளவில், நிழல் இல்லாமல், முழு நீளத்துக்கும் ஒரு முன்னோட்டம் எடுத்து ஆசிரியரிடம் காட்டிவிடுங்கள்.

படங்களை எஃப்.எஃப்.எம்பெக் என்ற மென்பொருளில் எம்.பி.4 வீடியோ ஆக்கும்போது பிக்சல் வடிவத்தை (நிறத்தை எழுதும் முறை) ஒய்.யு.வி. 420 என்று தனியே குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் அது 444இல் எழுதிவிடும். உங்கள் கணினியில் நன்றாக ஓடும், பள்ளியின் ஸ்மார்ட் போர்டிலும் பல கைபேசிகளிலும் ஓடாது.

உடல் மாதிரிகளுக்கு இசட் அனாட்டமி என்ற திறந்த தொகுப்பு பிளெண்டர் கோப்பாகவே கிடைக்கிறது. ஜப்பானின் பாடிபார்ட்ஸ்3டி தரவிலிருந்து வந்தது. மூலத்தைக் குறிப்பிட வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். நோயாளியின் சி.டி. ஸ்கேனிலிருந்து 3டி ஸ்லைசர் என்ற மென்பொருளில் மாதிரி எடுக்கிறீர்கள் என்றால் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் தொடாதீர்கள். கோப்பில் உள்ள பெயரையும் எண்ணையும் நீக்கினால் மட்டும் போதாது. தலையின் சி.டி. ஸ்கேனில் தோல் பரப்பை எடுத்தால் ஆளையே அடையாளம் காணும்படி முகம் வந்துவிடும், ஆகவே அந்தப் பகுதியையும் வெட்டிவிட வேண்டும்.

வகுப்பில்

புதிதாகப் பார்ப்பவரின் கண் அதிகம் அசைவதன் மேல்தான் போகும், முக்கியமானதன் மேல் போகாது. இதயப் படத்தில் அது பெரும்பாலும் துடிக்கும் சுவர். வால்வை யாரும் கவனிப்பதில்லை. ஆகவே ஓட விடும் முன் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். 50ஆவது ஃபிரேமில் நிறுத்தி, 'இப்போது நான்கு வால்வும் எந்த நிலையில் இருக்கின்றன? அடுத்து எது மாறும்?' என்று கேட்டு, நோட்டில் எழுத வைத்துவிட்டுத் தொடருங்கள். கடைசியில் ஒலியை அணைத்துவிட்டு ஓட விட்டு, ஒரு மாணவரை வர்ணனை சொல்லச் சொல்லுங்கள்.

வெளியிடுவதற்கு முன்பும் இதே வேலையை அந்தப் பாடம் தெரியாத நாலைந்து பேரிடம் செய்து பாருங்கள். 'புரிந்ததா' என்று கேட்டால் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். பார்த்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் தவறாகச் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் படத்தில் ஒரு ஃபிரேம் எண் உண்டு. 'ஆரிக்கிள் அமுக்கித்தான் ரத்தம் கீழே வருகிறது' என்று இரண்டு பேர் சொன்னால் உரையைத் திருத்திப் பயனில்லை. 146க்கும் 175க்கும் இடையே ரத்தம் உள்ளே பாய்வது கண்ணில் படவில்லை என்று பொருள். அங்கே ரத்தத்தைக் காட்டும் துகள்களைக் கூட்டி, குரலை நிறுத்தி, ஆரிக்கிள் தசை சுருங்காமல் இருப்பதைத் தனி நிறத்தில் காட்டி, அந்த 30 ஃபிரேமை மட்டும் மறுபடி ரெண்டர் செய்து, வேறு நாலு பேரிடம் காட்டுங்கள்.